நாற்பத்தாறு என்ற கணக்கு

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்ற செய்தி என்னைவிட வயதில் இளையது. நான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வெளிவந்த உயிரியல் பாடநூல்களில் அந்த எண்ணிக்கை 48 என்றே அச்சிடப்பட்டிருந்தது. 1923-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயின்டர் எண்ணிச் சொன்ன அந்தத் தொகை, முப்பது வருஷத்துக்கு மேலாக வேதவாக்காக நிலைபெற்றிருந்தபடியால், உருப்பெருக்கியில் 46 மட்டுமே கண்டவர்கள்கூடத் தங்கள் கண்ணைச் சந்தேகித்தார்களே அன்றிப் புத்தகத்தைச் சந்தேகிக்கவில்லை. ஸ்வீடன் தேசத்தில் கருவின் ஈரல் அணுக்களை ஆராய்ந்த சிலர், மீதி இரண்டும் அகப்படவில்லையே என்று மனம் தளர்ந்து ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜாவாவில் பிறந்த சீன வம்சத்தவரான ஜோ ஹின் டிஜியோ, விடுமுறைக்கு வேலை செய்ய வந்திருந்த லுண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் 46 என்று எண்ணி, அங்கே தலைவராக இருந்த ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து மறு வருஷம் அதைப் பிரசுரித்த பிறகுதான், மனித ஜாதி தன்னுடைய சொந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டது.

1970-களின் கடைசியில், சென்னையில் ஒரு வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் குரோமோசோம் பிரிவில் நான் உதவியாளராக வேலைக்கு அமர்ந்தபோது, அது இன்ன வேலை என்று உறவினர்களுக்கு விளங்கவைக்க நான் செய்த பிரயத்தனமெல்லாம் வீணாயிற்று. ‘ரத்தம் பார்க்கிற வேலை’ என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்து, சர்க்கரை எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்லும்படி விரலை நீட்டினார்கள். ரத்தம் பார்ப்பது உண்மைதான். ஆனால் வந்த ரத்தத்தை அன்றே பார்த்துவிட முடியாது. சில துளிகளைப் போஷாக்கு நீரில் இட்டு, ராஜ்மா என்று இப்போது கடைகளில் விற்கிற சிவப்புப் பயற்றிலிருந்து எடுத்த ஒரு சத்தைச் சேர்த்து வெள்ளணுக்களைப் பிளவுபடத் தூண்டி, உடற்சூடாகிய 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்க்க வேண்டும். அந்த மூன்று நாளும் மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும் என்பது, செய்முறைப் புத்தகத்தில் இல்லாமல் சென்னைவாசிகளாகிய நாங்களே சேர்த்துக்கொண்ட நிபந்தனை.

அணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் குரோமோசோம்கள் சுருண்டு தடித்துக் கண்ணுக்குப் புலப்படுகிற நிலையிலேயே அதை நிறுத்திவைப்பதற்குக் கால்ச்சிசின் என்ற விஷத்தைக் கலப்போம். ஐரோப்பாவில் அதைக் கால்ச்சிக்கம் என்ற பூண்டிலிருந்து எடுத்தார்கள். நம் நாட்டு வேலியோரங்களில் தானே முளைத்துப் படரும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதே விஷம் உண்டு. பழந்தமிழ்ப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூ அது. ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் மருந்துக்காக அதைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். கிராமத்துத் தாய்மார்களோ கண்வலிக் கிழங்கு என்று சொல்லிப் பிள்ளைகளை அதன் அருகே அண்டவிடுவதில்லை. புலவர், விவசாயி, தாய் ஆகிய மூவரும் ஒரு கொடியை மூன்று விதமாக அறிந்திருக்க, நான்காவதாக அதன் விஷம் எங்கள் சோதனைக் குழாயிலும் வந்து சேர்ந்திருந்ததை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

அதன் பிறகு, உப்புச் செறிவு குறைந்த நீரில் அணுக்களை ஊறவைத்தால், அவை நீரை உறிஞ்சி உப்பி, உள்ளே முண்டியடித்துக் கிடக்கும் குரோமோசோம்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கொடுக்கும். இது அமெரிக்காவில் டி. சி. ஸூ என்ற விஞ்ஞானியின் கூடத்தில், யாரோ ஓர் உதவியாளர் கரைசலைத் தவறான அளவில் கலந்துவிட்டதனால் அகப்பட்டு, 1952-இல் வெளியான வித்தை. அந்த உதவியாளர் இன்னாரென்று ஸூவினால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்களை யாரேனும் கண்டிக்க வரும்போதெல்லாம் இந்தக் கதையைப் பணிவோடு ஞாபகப்படுத்துவது எங்கள் வழக்கமாக இருந்தது. கடைசியாக, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் அணுக்களை நிலைப்படுத்தி, குளிர்ந்து ஈரமான கண்ணாடித் தகட்டின்மேல் உயரத்திலிருந்து சொட்டுவிட்டு உலர்த்தி, கீம்சா சாயம் ஏற்றுவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகடு உலர நேரமாகி, குரோமோசோம்கள் அளவுக்கு மீறிச் சிதறிப் பக்கத்து அணுவினுடையவற்றோடு கலந்துவிடும். வறண்ட காற்றடிக்கும் நாட்களில் சட்டென்று உலர்ந்து, பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இவ்வளவும் ஆயத்தமே, எங்கள் உண்மையான வேலை கத்தரிக்கோலில்தான் ஆரம்பமாயிற்று. நன்றாகப் பரவிய ஓர் அணுவைத் தேர்ந்து படமெடுத்து, இருட்டறையில் பெரிதாக்கி அச்சிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு குரோமோசோமையும் ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து, நீளத்தையும் இடுக்கின் ஸ்தானத்தையும் குறுக்கே ஓடும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளையும் ஒப்பிட்டு ஜோடி சேர்த்து, பெரியது முதலாகச் சிறியது ஈறாக ஓர் அட்டையில் ஒட்டுவோம். சித்திரை வெயிலிலும் அந்த அறையில் மின்விசிறியைப் போடுவதற்கில்லை. போட்டால் ஒருவருடைய வம்ச பரம்பரை முழுவதும் மேசையிலிருந்து எழுந்து பறந்துவிடும். ஒய் குரோமோசோம் நகத்துணுக்கு அளவே இருக்குமாதலால், அதைத் தேடி நாற்காலிகளுக்கு அடியில் புகுந்தவர்கள் எங்களில் பலர். 1972-ஐ ஒட்டிய காலத்தில், ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றோடு இடம் மாறி ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்த சிக்காகோ நகரத்து ஜேனட் ரௌலி அம்மையார், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தார் என்றும், காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று அவருடைய பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்றும் பின்னால் படித்தபோது, எங்கள் அறையின் புழுக்கம்கூடக் கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றியது.

வரிசையில் ஒரு விசித்திரம் உண்டு. அளவுப்படி அடுக்கினால் 22-ஐக் காட்டிலும் 21 சிறியது. ஆகவே அது 22 என்றே எண் பெற்றிருக்க வேண்டும். இந்த உண்மை தெளிவாவதற்குள், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டோடு 21 என்ற எண் பிரிக்க முடியாதபடி பிணைந்துபோய்விட்டதால், விஞ்ஞானிகள் எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தக் குறைபாட்டுள்ள குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்ற செய்தி 1959 ஜனவரியில் பாரிஸிலிருந்து வெளியாயிற்று. எங்கள் காலத்துப் புத்தகங்களில் அதைக் கண்டவர் ஜெரோம் லெஜூன் என்று மட்டுமே இருந்தது. அணுவளர்ப்பு முறையை அமெரிக்காவில் கற்றுவந்து, பணவசதியற்ற ஒரு கூடத்தில் தம் சொந்த ரத்தத்தையும், அதற்கென்றே வளர்த்த சேவலின் ரத்தத்தையும் உபயோகித்து அந்த அணுக்களை வளர்த்து, தகடுகளைத் தயாரித்த மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியரின் பங்கு, அவரே ஐம்பது வருஷம் கழித்து 2009-இல் எடுத்துச் சொன்ன பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. படம் எடுப்பதற்கென்று லெஜூன் வாங்கிக்கொண்டு போன தகடுகள் அவரிடம் திரும்பவே இல்லை. பிரசுரமான கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப்பிழையோடு இருந்தது. தகடு தயாரித்தே ஆயுளைக் கழித்தவள் என்ற முறையில் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளி அல்லேன் என்பதை ஒப்புக்கொண்டே, லெஜூனின் புகழில் பாதியைப் பிடுங்கி அந்த அம்மையாருக்குக் கொடுப்பதே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

எங்களிடம் வந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக இரண்டு மூன்று டாக்டர்கள் அனுப்பிவைத்து, கையில் பருத்த ஒரு காகிதக்கட்டோடு வருவார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருப்பவள் தாய். ஓரடி முன்னால் நின்று பேசுகிறவர் மாமியார் அல்லது கணவர். ‘இவ வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்திருக்குமோ?’ என்ற கேள்வி, ரத்தம் எடுப்பதற்கு முன்பே எங்கள் காதில் விழுந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த அதிகப்படியான குரோமோசோம் வம்சத்தில் வருவதன்று. கருமுட்டை உருவாகும்போது, சில வேளை விந்தணு உருவாகும்போது, ஒரு ஜோடி பிரியாமல் போவதால் நேர்வது. தாயின் வயது ஏற ஏற அதன் வாய்ப்பும் ஏறி, நாற்பது வயதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றாகிறது. ‘இதில் யாருடைய தவறும் இல்லை’ என்று நாங்கள் ஓயாமல் சொல்லிவந்தோம். வயதைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘அப்ப இவளாலேதான்’ என்று திரும்பிப் போனவர்களையும் கண்டிருக்கிறேன்.

1980-களின் நடுவில் வந்த ஒரு குடும்பத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர், மனைவி, மூத்த மகன், மருமகள், இரண்டு வயதுப் பேரன் ஆகியோருடன் ரயிலேறி வந்திருந்தார். பேரனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் மருமகளுக்கு வயது 23. அவளுக்கு முன்பே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. வயதில் காரணம் சொல்வதற்கில்லாத இந்த மாதிரி இடங்களில், அக்குறைபாடுள்ளவர்களில் நூற்றில் மூன்று நான்கு பேரிடம் காணப்படுகிற வேறொரு வகையைச் சந்தேகித்து, பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் எடுப்போம். மருமகளுக்கு 46, குறையொன்றும் இல்லை. மகனுக்கு 45. அவனுடைய 14-ஆம் குரோமோசோம் ஒன்றும் 21-ஆம் குரோமோசோம் ஒன்றும் இடுக்கருகே ஒட்டி ஒரே குரோமோசோமாக இருந்தன. 1916-இல் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த ராபர்ட்ஸன் என்பவர் முதலில் விவரித்த இணைப்பு இது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் இத்தகைய ஓர் இணைப்போடு, அதை அறியாமலே, ஆரோக்கியமாக வாழ்ந்து முடிக்கிறார்கள்.

முடிவைக் கேட்டதும் மாமியார், ‘எங்க வம்சத்துல இப்படி யாரும் கிடையாதே’ என்றார். பெரியவர் பதில் ஏதும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்து, ‘என் ரத்தத்தையும் எடுங்கம்மா’ என்றார். நாங்கள் கேட்காமலே ரத்தம் கொடுக்க முன்வந்த ஆண்பிள்ளைகள் எங்கள் அனுபவத்தில் அபூர்வம். அவருக்கும் 45 என்று வந்தது. அதை அஞ்சலில் அனுப்ப வேண்டாமென்று சொல்லியிருந்தவர், மறுபடியும் நேரிலேயே வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அட்டைகள் மூன்றையும் வரிசையாகப் பரப்பிக்கொண்டார்.

“ஏம்மா, 46 இருக்கணும்னு சொல்றீங்க. பேரனுக்கு 46 இருக்கு, அவனுக்கு நோய்ங்கிறீங்க. எனக்கும் என் பையனுக்கும் 45தான் இருக்கு, எங்களுக்கு ஒண்ணுமில்லைங்கிறீங்க. இது என்ன கணக்கு?”

அந்தக் கேள்வியை அத்தனை நேராக அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. மருத்துவ மாணவர்கள்கூட அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒட்டிக்கொண்ட குரோமோசோமைப் பென்சிலால் சுட்டி, 14-ம் 21-ம் அதனுள் இருக்கின்றன என்று காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு சிப்பத்தை ஒரே சாக்குல போட்டுத் தச்சிருக்கு. எண்ணினா ஒண்ணு குறையும்; எடை போட்டாக் குறையாது. அப்படித்தானே?” என்றார். அப்படியேதான் என்றேன். “பேரனுக்கு, அவங்கப்பன்கிட்ட இருந்து தச்ச மூட்டையும் வந்து, தனியாக் கிடந்த 21-ம் கூடவே வந்திருச்சு. எண்ணிக்கை சரியாப் போச்சு. எடை கூடிப் போச்சு.” ஒட்டும்போது இரண்டு குரோமோசோம்களிலும் இடுக்குக்கு ஒரு பக்கமுள்ள குட்டைக் கைகள் உதிர்ந்துவிடுகின்றன என்பதையும், அவற்றிலுள்ள விஷயம் வேறு குரோமோசோம்களிலும் பல பிரதிகளாக இருப்பதால் அந்த நஷ்டம் உடம்புக்குத் தெரிவதில்லை என்பதையும் நான் சேர்த்துச் சொன்னபோது, “சேதாரம் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்” என்று ஒப்புக்கொண்டார். பாடநூல்களில் நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது தெளிவாக இருந்ததால், பின்னால் வந்த மாணவர்களுக்கெல்லாம் அவருடைய சாக்கையும் சிப்பத்தையும் வைத்தே கற்றுக்கொடுத்தேன்.

எழுந்திருக்கும்போது, தம்முடன் பிறந்த ஒருத்தி நாலு வயதில் இறந்துபோனாள் என்றும், அவளுக்கு நடையும் பேச்சும் வரவில்லை என்றும், ‘இவன் முகமேதான்’ என்றும் சொன்னார். இந்த இணைப்பு தமக்குத் தகப்பனார் வழி வந்ததா தாயார் வழி வந்ததா என்று கேட்டார். இருவரும் காலமாகிவிட்டபடியால் அதைச் சொல்ல வழியில்லை.

அவர் தெளிவடைந்த மாதிரி எல்லோரையும் தெளிவாக்கும் பாக்கியம் எங்களுக்கு இருக்கவில்லை. அக்காள் மகளை மணந்தவர்களும், அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களும், காது கேளாத குழந்தையையோ, வளர வளரத் தசை நலியும் குழந்தையையோ தூக்கிக்கொண்டு வந்து, குரோமோசோம் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்கள் எதற்காகக் கும்பிட்டார்களோ அது அந்த அட்டையில் இல்லை. மனிதனுடைய மரபுச் செய்தி ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துக்களால் ஆனது. எங்கள் உருப்பெருக்கியில் தெரிகிற ஒரு பட்டைக்குள்ளே பல லட்சம் எழுத்துக்கள் அடங்கியிருக்கும். ஒரே எழுத்து பிசகினாலும் நோய் வரக்கூடும். கணவனும் மனைவியும் ஒரே பாட்டனிடமிருந்து அதே பிசகை ஆளுக்கொரு பிரதியாகப் பெற்றிருந்தால், தாங்கள் சௌக்கியமாக இருந்துகொண்டே, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பை எதிர்நோக்குகிறார்கள். அட்டையில் ‘இயல்பானது’ என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு இதையும் எடுத்துச் சொல்ல வேண்டியது எங்கள் கடமையாக இருந்தது. ஆனால் நல்ல செய்தி கேட்டவர்கள் அதற்குமேல் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. வேறு சிலர், கருவிலிருக்கும் குழந்தைக்கு நோய் உண்டா என்று கேட்பதுபோல வந்து, ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். 1994-இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகு, கருப்பரிசோதனை அறிக்கைகளில் பாலினத்தைக் காட்டும் ஜோடியை மறைத்தே எழுதலானோம். சட்டம் பத்து வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும்.

பெரியவரின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஊருக்குப் போனவர், தம் தங்கையின் மகளை இளைய மகனுக்கு எடுப்பதாக வெகுநாளாகப் பேச்சு இருப்பதால் இருவர் ரத்தத்தையும் ஜாதகம் பார்ப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று எழுதி, அவர்களை அனுப்பிவைத்தார். பெண்ணுக்கு 46, இளைய மகனுக்கு 45. தம்மை ஆட்டிப்படைத்த சந்தேகத்தை எண்ணால் தீர்த்துக்கொண்ட அந்த மனிதர், எண் எல்லோருடைய சந்தேகத்தையும் அப்படியே தீர்த்துவைக்கும் என்று நம்பி, முடிவைத் தங்கை வீட்டில் தாமே போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக மருமகளின் தலையில் இருந்த பழி, அவள் தலையிலிருந்து இறங்கிய கையோடு, இளைய மகனின் தலையில் ஏறி உட்கார்ந்தது. ‘ஒண்ணு குறைஞ்ச பையனுக்கா என் பிள்ளையைக் கொடுப்பேன்?’ என்று தங்கை கதவைச் சாத்திவிட்டாள்.

கொஞ்ச நாளில், கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், ஒரு தோழியை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அவனிடத்தில் உருவாகக்கூடிய ஆறு வகை விந்தணுக்களையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவற்றில் மூன்று வகையால் உண்டாகும் கரு பிழைக்காது. ஒன்றால் இணைப்பே இல்லாத குழந்தையும், ஒன்றால் தகப்பனைப் போல 45 உள்ள ஆரோக்கியமான குழந்தையும், மற்றொன்றால் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையும் பிறக்கும்.

“அப்ப மூணுல ஒண்ணு இல்லையா, மேடம்? நீங்க மாமாகிட்ட நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோன்னு சொன்னீங்களாமே?”

ஆறும் சமவாய்ப்புள்ளவை அல்ல என்றும், ஒட்டிய குரோமோசோம் பெரும்பாலும் தன் கூட்டாளிகளைவிட்டு ஒழுங்காகவே பிரிகிறது என்றும், தாயிடம் இந்த இணைப்பு இருந்தால் நூற்றில் பத்துப் பதினைந்தாக இருக்கும் அபாயம் தகப்பனிடம் இருக்கும்போது ஒன்றிரண்டாகக் குறைவதைப் பல தேசத்துக் குடும்பங்களைப் பார்த்து அறிந்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அந்த ஒன்றிரண்டில்தானே அவனுடைய அண்ணன் மகன் வந்தான் என்றாள். ஆம் என்றேன். தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “அம்மாகிட்ட நானே போட்டுக் காட்டுறேன். நீங்க சொன்னா ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சும்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறு வருஷம் தை மாதத்தில் கலியாணப் பத்திரிகை வந்தது. அதன் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், கருப்பரிசோதனைக்கு எத்தனையாவது வாரம் வர வேண்டும், எத்தனை நாளுக்கு முன்னால் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாள். பதினாறாவது வாரம் என்றும், பத்து நாளைக்கு முன் ஒரு கடிதம் போட்டால் போதும் என்றும் அன்றே பதில் எழுதினேன்.